டிராஃப்டில் முதலிடம் ஒருவருக்கு, விருது 130-வது ஆளுக்கு: ஐஸ் ஹாக்கியில் கணிப்பு ஏன் தப்புது?

18, 19 வயசுப் பசங்களில் நாளைய ஸ்டார் யார்? வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல் அணிகள் ஆண்டுதோறும் டிராஃப்டில் போடும் கணக்கு இதுதான்.

2012-ல் எட்மன்டன் ஆயிலர்ஸ் முதல் ஆளாக எடுத்தது, ஜூனியர் லீக்கில் கோல் குவித்த ரஷ்ய வீரர் நைல் யாகுபோவை. 2018-ல் அவர் ரஷ்ய லீக்குக்கே போய்விட்டார். அதே டிராஃப்டில் வின்னிபெக் ஜெட்ஸ் 130-வதாக எடுத்த கோல்கீப்பர் கானர் ஹெல்லிபக், 2025-ல் லீக்கின் மிகச்சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையை வென்றார்.

எங்கே தப்புது? ஜூனியர் லீக்கில் எதிரே நிற்பதும் பசங்கதான். அங்கே அடித்த கோலை வைத்து, பெரியவர்கள் மோதும் லீக்கை அளக்க முடியாது. கோல்கீப்பர்கள் தேற இன்னும் தாமதமாகும். யாகுபோவ் முதல் சீசனிலேயே களமிறக்கப்பட்டார். ஹெல்லிபக்குக்கோ 2 ஆண்டு கல்லூரி அணி, பிறகு கீழ்நிலை லீக், 2015-ல்தான் என்ஹெச்எல்.