வழி சொல்லாத அழைப்பிதழ்



திருமணக் காலம் வந்துவிட்டால் நம் மேசைமேல் அழைப்பிதழ்கள் குவிந்துவிடும். ஒவ்வொன்றும் மற்றொன்றை விஞ்சும் அழகோடு வருகிறது. பொன்னெழுத்தில் மணமக்களின் பெயர், அவர்தம் பட்டங்கள், இரு வீட்டுப் பெரியோர்களின் பெயர்கள், மாமன்மார், அத்தைமார் என நீண்ட பட்டியல். யாவும் குறைவின்றி இருக்கும். ஆனால் வெளியூரிலிருந்து புறப்பட்டு வரும் ஒருவர், நம் திருச்சி மாநகரில் எந்த நிலையத்தில் இறங்குவது, எந்தக் கோவிலுக்குப் போவது, எங்கே தங்கிக் குளிப்பது என்று அறிய அதில் ஒரு வரி இராது. "சுற்றம் சூழ வருக" என்று அச்சிட்டு விடுகிறோம். சுற்றம் எப்படி வந்து சேரும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இதை நாம் பிறரைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. நம் குறையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

2025ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் வாரத்தில் நம் பங்கில் ஒரு திருமணம். மணமகள் தாயற்றவள். பரமக்குடிக்கு அப்பால் ஒரு சிற்றூரில், தந்தையின் மூத்த சகோதரியே அவளைப் பத்து வயதுவரை வளர்த்தவர். அந்த அம்மையார் நான்கு நாள் முன்னதாகவே வந்திருக்க வேண்டியவர். கணவர் நோயில் கிடந்தமையால், திருமணத்தின் முந்திய இரவில்தான் அண்டை வீட்டாரிடம் அவரை ஒப்படைத்துவிட்டுப் பேருந்து ஏறினார். வேளாங்கண்ணித் திருவிழா நாட்களாகையால் பேருந்துகளில் கூட்டம். மதுரையில் மாறி, பாதி வழி நின்றுகொண்டே வந்து, விடியுமுன் இறங்கினார்.

இறங்கிய இடம் அவர் அறிந்த இடமன்று. முன்னர் அவர் வந்தபோது மதுரைப் பேருந்து, இரயில் சந்திப்பை அடுத்த மத்தியப் பேருந்து நிலையத்தில் நின்றது. 2025 ஜூலை முதல் வெளியூர்ப் பேருந்துகளில் பெரும்பாலானவை, மதுரை நெடுஞ்சாலையில் பஞ்சப்பூரில் அமைந்த புதிய முனையத்திற்கு மாற்றப்பட்டுவிட்டன. இதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. "மாதா கோவிலுக்குப் போகணும்" என்று கேட்டார். இரக்கமுள்ள யாரோ ஒருவர் சத்திரம் செல்லும் நகரப் பேருந்தில் ஏற்றிவிட்டார். அங்கே விசாரித்தபோது, அருகிலிருந்த லூர்து மாதா ஆலயத்தைக் காட்டினார்கள். காட்டியவர்கள் மேல் பிழையில்லை. அதுவும் மாதா கோவில்தானே!

அந்த அம்மையார் ஏழு மணிக்கு முன்பே அங்கே அமர்ந்துவிட்டார். மடியில் ஒரு துணிப்பை. அதில் மணமகளுக்கென்று வாங்கிய சேலை, ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைப்பூ. ஒன்பது மணித் திருமணத்திற்கு நேரத்தோடு வந்துவிட்டோம் என்ற நிறைவில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று; மணமக்களைக் காணவில்லை. அழைப்பிதழிலிருந்த எண்ணை ஒருவர் அழைத்துப் பார்த்தார். அது மணமகளின் தந்தையின் எண். அவர் திருப்பலியில் இருந்தார், கைப்பேசி அணைந்திருந்தது.

நம் ஆலயத்தில் அதே வேளையில் நடந்தது என்ன? ஒன்பது அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் அந்தத் தந்தை திருப்பொருள் அறைக்கு வந்து, "சாமி, அக்கா இன்னும் வரல. ஒரு கால் மணி நேரம் பொறுக்க முடியுமா?" என்று கைகட்டி நின்றார். திருமணங்கள் காலந்தாழ்த்தித் தொடங்குவது குறித்து அதற்கு முந்திய ஞாயிறுதான் நாம் பிரசங்கத்தில் கண்டித்திருந்தோம். "கோவில் நேரம் கோவில் நேரந்தான்" என்றோம். மணி அடிக்கச் சொன்னோம். அவர் மறுபேச்சின்றித் திரும்பிப் போனார்.

பதினொன்றரை மணிக்கு அந்த அம்மையார் வந்து சேர்ந்தார். எல்லோரும் மண்டபத்திற்குப் போய்விட்டிருந்தனர். கோவில்பிள்ளை தரையில் கிடந்த பூவிதழ்களைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் அவர் கேட்டது ஒன்றே: "சாமி, தாலி கட்டியாச்சா?"

அதற்கு நாம் என்ன விடை சொன்னோம் என்பது நினைவில்லை. அவர், "சரி சாமி, புள்ள நல்லா இருந்தாச் சரி" என்று பீடத்தை நோக்கிக் கும்பிட்டுவிட்டு, துணிப்பையைச் சரிசெய்துகொண்டது மட்டும் நினைவிலிருக்கிறது. அவரை நாமே மண்டபத்திற்கு அழைத்துச் சென்றோம். மணப்பெண் மேடையைவிட்டு இறங்கி ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுததை இங்கு விவரிக்கப் போவதில்லை.

மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பு வாசித்தோம். திருமுழுக்குச் சான்று கேட்டோம். தயாரிப்பு வகுப்புச் சான்றும் கேட்டு வாங்கினோம். "வெளியூரிலிருந்து வருகிற முதியோர் யார்? அவரை அழைத்து வரப்போகிறவர் யார்?" என்று மட்டும் கேட்கவில்லை. அன்றுமுதல் அதையும் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். அந்தப் பட்டறிவில் கண்டவற்றை, பிள்ளைகளுக்குத் திருமணம் பேசியிருக்கும் பெற்றோர்க்குச் சொல்வது நம் கடன்.

முதலாவது, நாள். இரயிலில் இருக்கை முன்பதிவு 2024 நவம்பர் முதல் அறுபது நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. முன்னர் நூற்றிருபது நாளாக இருந்தது. ஆகவே, நாள் குறித்த அன்றே தொலைவிலுள்ள உறவினர்க்கு வாய்மொழியாகச் சொல்லிவிடுங்கள். அழைப்பிதழ் அச்சாகி வரட்டும் என்று காத்திருந்தால், இருக்கைகள் தீர்ந்தபின்தான் அழைப்பு போய்ச் சேரும். நாள் குறிக்கும்போதே ஊரின் விழாக்களையும் எண்ணிப் பாருங்கள். ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி செல்வோர் கூட்டம். மார்கழியில் ஸ்ரீரங்கத்து வைகுண்ட ஏகாதசி. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று காவிரிக் கரையெங்கும் மக்கள். பொங்கலை ஒட்டி எந்த வண்டியிலும் இடமிராது. இந்நாட்களில் விடுதியில் அறையும் எளிதில் கிடைக்காது.

இரண்டாவது, இறங்குமிடம். பேருந்தில் வருவோர்க்குப் பஞ்சப்பூர் முனையத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்லுங்கள். அங்கிருந்து நகரத்திற்குள் வர வேறு பேருந்து ஏற வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். இரயிலில் வருவோர்க்கு, "திருச்சியில் இறங்கு" என்று சொன்னால் போதாது. நம் மாநகரில் சந்திப்பு, கோட்டை, டவுன், பாலக்கரை, பொன்மலை, ஸ்ரீரங்கம் எனப் பல நிலையங்கள் உள்ளன. சென்னையிலிருந்து வரும் வண்டிகளில் பெரும்பாலானவை முதலில் ஸ்ரீரங்கத்தைக் கடந்தே சந்திப்பை அடைகின்றன. தூக்கக் கலக்கத்தில் முன்னதாக இறங்கிவிட்டவர்களை நாம் அறிவோம். சிங்கப்பூர், வளைகுடா நாடுகளிலிருந்து வருவோர் இறங்கும் விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில் உள்ளது. 2024 ஜூன் முதல் அங்கே புதிய முனையம் இயங்குகிறது.

மூன்றாவது, கோவிலின் பெயர். "மாதா கோவில், திருச்சி" என்பது முகவரி ஆகாது. மேலப்புதூரில் மரியன்னை பேராலயம். தெப்பக்குளத்திற்கு எதிரே, தூய வளனார் கல்லூரியை ஒட்டி லூர்து மாதா ஆலயம். பாலக்கரையில் சகாய மாதா பேராலயம். ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் தம் கோவிலையே "மாதா கோவில்" என்பார்கள். ஆகவே கோவிலின் முழுப்பெயர், தெரு, அருகிலுள்ள பேருந்து நிறுத்தம், எல்லோரும் அறிந்த ஓர் அடையாளம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். மண்டபம் வேறிடத்தில் இருப்பின் அதற்கும் அவ்வாறே எழுதுங்கள். கைப்பேசியில் வரைபடம் அனுப்புவது நல்லதே. ஆனால் அது கண் மங்கிய பெரியவர்க்கு உதவாது. அவர்க்குப் பெரிய எழுத்தில் ஒரு தாள் எழுதிச் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். வழியில் எவரிடம் காட்டினாலும் படித்துச் சொல்வர்.

நான்காவது, பொறுப்பாளர். அழைப்பிதழில் தந்தையின் எண்ணை அச்சிடுவது மரியாதைக்குரியது. ஆயின் திருமணக் காலையில் அவரால் பேச இயலாது. திருப்பலி முடியும்வரை கோவிலுக்கு வெளியே நிற்கக்கூடிய இளைஞர் இருவரை நியமித்து, அவர்கள் எண்களைக் கொடுங்கள். மணமகளின் தம்பியை நியமிக்காதீர்கள். அவன் உள்ளே இருக்க வேண்டியவன். அன்பியத்தில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் மகிழ்ந்து செய்வார்கள்.

ஐந்தாவது, தங்குமிடம். இதில் நாம் சற்றுக் கண்டிப்பாகவே பேச விரும்புகிறோம். காரில் வரும் உறவினர்க்குக் குளிர்சாதன அறை. பேருந்தில் வரும் உறவினர்க்கு மண்டபத்துச் சமுக்காளம் என்னும் வழக்கம் நம்மிடையே பரவி வருகிறது. செல்வரை முன்னிருக்கையிலும் ஏழையைக் காலடியிலும் அமர்த்துவது குறித்துத் திருத்தூதர் யாக்கோபு தம் திருமுகத்தில் கண்டித்திருப்பதை நாம் கோவிலில் வாசிக்கிறோம். மண்டபத்திற்குப் போனதும் மறந்துவிடுகிறோம். இருக்கிற அறைகளை முதலில் முதியோர்க்கும், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்க்கும், நோயுற்றோர்க்கும் ஒதுக்குங்கள். மூட்டுவலியுள்ளவர்க்குத் தரைத்தளத்தில், மேனாட்டு முறைக் கழிப்பறையுள்ள அறையாகப் பாருங்கள். விடுதிச் செலவை ஏற்க இயலாதெனில் அதை முன்னரே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அதில் வெட்கமில்லை. கணக்கு முடிக்கும் வேளையில் விருந்தினரும் வீட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுதான் வெட்கம்.

ஆறாவது, ஓய்வு நேரம். நெடுந்தொலைவிலிருந்து வருவோர் ஊரையும் காண விரும்புவர். அரை நாள் இருப்பவர்க்கு லூர்து மாதா ஆலயமும், தெப்பக்குளமும், மலைக்கோட்டையும் அடுத்தடுத்து இருக்கின்றன. கூம்பிய கோபுரத்தோடு 1890-களில் எழுந்த அந்த ஆலயத்தை நிதானமாகக் காணச் சொல்லுங்கள். மலைக்கோட்டை உச்சிக்கு நானூறுக்கு மேற்பட்ட படிகள் உண்டு. இளையோர் ஏறட்டும், பெரியோர் அடிவாரத்துக் கடைவீதியோடு நிற்கட்டும். மணமகனின் அலுவலகத் தோழர்களில் இந்து, இசுலாமியச் சகோதரர் இருப்பர். அவர்கள் ஸ்ரீரங்கம், திருவானைக்கா கோவில்களுக்கோ நத்தர்வலி தர்காவுக்கோ செல்ல விரும்பினால் வழி சொல்லி அனுப்புவதும் விருந்தோம்பலே. கோவில்களில் நண்பகலில் நடை சாத்துவதுண்டு. ஆகவே காலையிலோ மாலையிலோ செல்லச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குக் கரிகாலன் கட்டிய கல்லணையைக் காட்டினால் மறக்க மாட்டார்கள். திருக்காட்டுப்பள்ளிக்கு அப்பாலுள்ள பூண்டி மாதா பேராலயத்தையும் அதனோடு சேர்த்துக் காணலாம்.

வேளாங்கண்ணியைப் பற்றி ஒரு சொல். "திருமணம் முடிந்ததும் அப்படியே வேளாங்கண்ணிக்கும் போய் வந்துவிடலாம்" என்று விருந்தினர் பலர் கூறுவர். ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவு. பந்தி முடித்துப் புறப்பட்டு இரவுக்குள் திரும்புவது களைப்பையே தரும். மறுநாள் முழுவதையும் அதற்கென ஒதுக்கி, விடியலில் புறப்படச் சொல்லுங்கள்.

வெயிலையும் மறவாதீர். ஆங்கிலிக்கத் திருச்சபையின் கல்கத்தா ஆயர் ஹீபர் 1826ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் இவ்வூரில் விருந்தினராக இருந்தார். காலை வழிபாட்டை முடித்து வந்து, வெயிலின் களைப்பு நீங்கக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் இறங்கியவர், அதிலேயே உயிர் நீத்தார். அவர் கல்லறை இங்குள்ள தூய யோவான் ஆலயத்தில் இருக்கிறது. மலைப்பாங்கான ஊர்களிலிருந்தும் குளிர்நாடுகளிலிருந்தும் வருவோரை, சித்திரை, வைகாசி நண்பகலில் வெளியே அலையவிடாதீர்கள். குடிநீரும் நிழலும் பந்திக்கு முன்பே தரவேண்டிய விருந்து.

கடைசியாக, திரும்பிச் செல்லுதல். வரவேற்கப் பலர் நிற்பர். வழியனுப்ப எவரும் இரார். இரவு வண்டிக்குச் செல்லும் முதியவரை நிலையம்வரை கொண்டுவிட்டு, இருக்கையில் அமர்த்தி, ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று மறுநாள் கேட்டறிந்தால்தான் திருமணம் முடிந்ததாகக் கொள்ளுங்கள்.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நம் ஆண்டவரும் கானாவூரில் ஒரு திருமண வீட்டுக்கு வெளியூர் விருந்தினராகத்தான் சென்றார். அங்கே குறையை முதலில் கண்டுகொண்டவர் பந்தி விசாரிப்பவர் அல்லர், அன்னை மரியாள். யாருக்கு என்ன இல்லை என்று பார்க்கும் கண்கள் அவருக்கு இருந்தன. அத்தகைய கண்கள் ஒவ்வொரு திருமண வீட்டிலும் ஒருவருக்கேனும் இருத்தல் வேண்டும்.

அந்த அம்மையாரின் கதையை முடிக்காமல் விடலாகாது. பத்து நாள் கழித்து மணமக்கள் அவருடைய ஊருக்குச் சென்றனர். நோயுற்ற மாமாவின் கட்டிலருகே நின்று இருவரிடமும் ஆசி பெற்றனர். அத்தை தந்த சேலையைத்தான் மணமகள் உடுத்தியிருந்தாள் என்று அவள் தந்தை நம்மிடம் வந்து சொன்னார். "அக்காவுக்கு ஒண்ணும் மனசுல இல்ல சாமி" என்றும் சொன்னார். நமக்கு இருக்கிறது. இப்பொழுதெல்லாம் மணி அடிக்கச் சொல்லுமுன், "எல்லோரும் வந்துவிட்டார்களா?" என்று ஒருமுறை வெளியே வந்து கேட்கிறோம்.

நம் பங்கில் திருமணம் எழுத வருவோர் இனி, அழைப்பிதழோடு மற்றொரு தாளும் கொண்டு வரவேண்டும்: வெளியூர் முதியோரின் பெயர், இறங்குமிடம், அழைத்து வருபவர் பெயர். அதைப் பார்த்த பின்பே மூன்றாம் அறிவிப்பை வாசிப்போம்.