தகுதி கேட்கும் அரசுக்கு என்ன தகுதி?

"என்ன தொழில் செய்ய விருப்பம்?" என்று கேட்டார் அந்த அலுவலர். அக்கா பதில் சொல்லவில்லை. அரை நிமிடம் பார்த்துவிட்டுப் படிவத்தில் 'தையல்' என்று எழுதிக்கொண்டார். ஆய்வுக்காகப் போயிருந்த நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. பொழுது சாய்ந்தால் கண் சரியாகத் தெரியாது என்பதை வெளியே வந்த பிறகுதான் சொன்னார். "உள்ளேயே சொல்லியிருக்கலாமே அக்கா?" என்றேன். "அவருதானே தம்பி நாளைக்கு எனக்கு வேலை போடணும்" என்றார்.

கையால் மலம் அள்ளுவோருக்கான மறுவாழ்வு இந்த நாட்டில் இப்படித்தான் நடக்கிறது. யார் வேலை வாங்கினார்களோ அவர்களே விடுதலையும் வழங்குகிறார்கள். இதை ஓர் அலுவலரின் தனிப்பட்ட கோளாறு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது, சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நகர்ப்புறத்தில் கணக்கெடுக்க வேண்டியது நகராட்சி. சட்டவிரோதமாக மலம் அள்ள வைத்த நிர்வாகமே 'எங்கள் ஊரில் இத்தனை பேர் மலம் அள்ளுகிறார்கள்' என்று தன் கையால் எழுதித் தர வேண்டுமாம்! அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று இந்தச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நாள் குறிப்பதில் மட்டும் நமது ஆட்சியாளர்கள் தவறுவதே இல்லை.

அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அடையாள அட்டை, உடனடி உதவித்தொகை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, வீட்டுமனை, மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத ஊக்கத்தொகையுடன் தொழிற்பயிற்சி, மானியத்துடன் கடன் என்று பட்டியல் நீள்கிறது. மனை, பயிற்சி, கடன் ஆகிய மூன்று இடங்களில் மறக்காமல் ஒரு நிபந்தனையும் சேர்த்திருக்கிறார்கள்: 'தகுதிக்கும் விருப்பத்திற்கும் உட்பட்டு'. தலைமுறை தலைமுறையாக மலம் சுமந்தவரிடம் தகுதி கேட்கிறது சட்டம். அவரை உட்கார வைத்து, உடல்நிலை, படிப்பு, குடும்பம், ஊர் நிலவரம் எல்லாம் கேட்டு, எந்தத் தொழில் கைகொடுக்கும் என்று முடிவு செய்ய உதவ வேண்டியவருக்கு என்ன தகுதி வேண்டும்? ஒரு சொல்கூட இல்லை. அப்படி ஒருவர் வேண்டும் என்பதே அதில் இல்லை.

இப்படியொரு பணி இந்தியாவுக்குத் தெரியாததா? சென்னை கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தொழில்சார் மறுவாழ்வு மையம் பல ஆண்டுகளாக இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழில் ஆலோசனை வழங்குவோரையும் வேலைவாய்ப்பு அலுவலர்களையும் மறுவாழ்வு வல்லுநர் பட்டியலில் வைத்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் பதிவும் இல்லாமல் அந்தப் பணியைச் செய்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைகூட உண்டு. அந்தச் சட்டம் குறையே இல்லாதது என்று சொல்ல வரவில்லை. ஆனால் மாற்றுத்திறனாளிக்கு வழிகாட்டுவது பயின்று செய்ய வேண்டிய பணி என்று ஏற்றுக்கொண்ட அதே அரசு, அருந்ததியருக்கும் வால்மீகிக்கும் வழிகாட்டத் துப்புரவு மேற்பார்வையாளரே போதும் என்கிறது. அடையாளம் காணப்பட்ட 58,098 பேரில் சாதி விவரம் கிடைத்த 43,797 பேரைப் பற்றி 2021இல் நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு இது: 42,594 பேர் பட்டியல் சாதியினர். நூற்றுக்கு 97 பேர். வேறு விளக்கம் தேவையா?

வழிகாட்ட ஆள் இல்லாததன் விளைவு கண்ணெதிரே இருக்கிறது. ஒருமுறை வழங்கும் 40,000 ரூபாயை எல்லோருக்கும் கொடுத்துவிட்டதாக அரசு பெருமை பேசுகிறது. தொழில் தொடங்க மூலதன மானியம் பெற்றவர்களோ அதில் மிகச் சிறு பகுதியினர். கொடுத்த கடனிலும் டீக்கடை வை, பலகாரக் கடை வை என்பார்கள். சேரிப் பெண் போட்ட டீயை அந்தத் தெருவில் எவன் வாங்கிக் குடிப்பான் என்பதைக் கடன் கொடுப்பவர் யோசிப்பதில்லை. கடை படுத்தால் 'இவர்களுக்குப் பிழைக்கத் தெரியவில்லை' என்று பழி. இப்போது பழைய திட்டத்துக்கு 'நமஸ்தே' என்று பெயர் மாற்றி, சாக்கடை சுத்தம் செய்யும் எந்திரம் வாங்க மானியம் என்கிறார்கள். எந்திரம் வரட்டும், உயிர் பிழைக்கட்டும். ஆனால் அதே சாக்கடைக்கு அதே சாதியைக் கடன்காரனாக்கி அனுப்புவதற்குப் பெயர் மறுவாழ்வா?

நம் தோழர்கள் சிலரே இங்கு தயங்குகிறார்கள். படிப்புத் தகுதி வைத்தால் பட்டம் வாங்கிய ஆதிக்கச் சாதியினர் வந்து உட்கார்ந்துகொள்வார்கள் என்ற அச்சம். நியாயமான அச்சம்தான். 'தகுதி, திறமை' என்ற சொற்களால் அடி வாங்கியே ஆய்வு மாணவன் ஆனவன் நான். ஆனால் தகுதியே வேண்டாம் என்றால், அந்த நாற்காலியில் இன்றைக்கு யார் இருக்கிறார்களோ அவர்களே இருப்பார்கள். எது தகுதி என்பதை நாம் வரையறுப்போம். அமெரிக்காவில் 2014இல் திருத்தப்பட்ட சட்டம், மாநில அரசுகளின் தொழில்சார் மறுவாழ்வு ஆலோசகர் பணிக்கு முதுகலைப் பட்டம் இருந்தே ஆக வேண்டும் என்று கேட்கவில்லை. தொடர்புடைய இளங்கலைப் பட்டத்துடன், மாற்றுத்திறனாளிகளோடு ஓராண்டாவது நேரடியாகப் பணியாற்றிய அனுபவம் இருந்தாலும் போதும். ஊதியமில்லாமல் அவர்களின் உரிமைக்காக வாதாடிய அனுபவத்தையும் அது கணக்கில் கொள்கிறது. இங்கேயும் மலக்குழி மரணங்களுக்கு நீதி கேட்டு அலையும் எத்தனை பட்டதாரி இளைஞர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள்! அந்த உழைப்பு தகுதியில் சேராதா?

ஆகவே மாவட்டந்தோறும் நிரந்தரப் பணியிடமாக மறுவாழ்வுத் தொழில் ஆலோசகர் வேண்டும். உள்ளாட்சி நிர்வாகத்தின் கீழ் அல்ல, தனியாக. ஒப்பந்தக் கூலியாக இருந்தால் அவரும் நாளைக்கு வேலை போடுபவரின் முகத்தைத்தான் பார்ப்பார். பயிற்சியில் சாதியைப் பற்றிய பாடம் கட்டாயம். அருந்ததியருக்கான 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009இலிருந்து இருக்கிறது. இந்தப் பணியில் அதற்கும் மேலாக, துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களில் முதல் பட்டதாரிகளாக வந்தவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்?

அந்த அக்காவுக்குத் தையல் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. குடும்பத்தில் ஒருவர் போகலாம் என்பதால் மகளை அனுப்பினார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நர்சிங் படிக்க ஆசைப்பட்ட பெண் அவள். அப்படி ஒரு பெண் வீட்டில் இருக்கிறாள் என்று அந்த அலுவலர் கேட்டுக்கொள்ளவே இல்லை. இப்போது ஜவுளிக்கடையில் நிற்கிறாள். போன வாரம் போன் செய்தபோது, நர்சிங் சேர வயது வரம்பு ஏதாவது இருக்கிறதா என்று அக்கா கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.