தண்ணீர் கேட்காத கார்

ஜெர்மனியில் ஹெஸ்ஸிஷ் ஓல்டன்டார்ப் என்று ஒரு சிறிய ஊர். 2022-ம் ஆண்டு அதன் தெருக்களில் பழைய வோக்ஸ்வேகன் கார்களும் வேன்களும் அணிவகுத்து நின்றன. பல நாட்டு மக்களும் பார்த்து மகிழ்ந்தார்கள்.

வண்டு போன்ற அந்தக் காருக்கு என்ஜின் பின்னால் இருக்கிறது. ரேடியேட்டர் கிடையாது. விசிறிக் காற்றே என்ஜினின் சூட்டைத் தணிக்கும். கோடையில் கொதிக்கவும், பனியில் உறையவும் அதில் தண்ணீரே இல்லை!

2 கோடியே 15 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். 2003-ல் மெக்சிகோவில் கடைசிக் கார் வெளிவந்தது. ஆனாலும் பழைய கார்கள் ஓடுகின்றன. ஏன்? சாதாரண மெக்கானிக்கே என்ஜினை இறக்கிப் பழுது பார்த்து விடலாம்.

இன்றோ பல பொருள்கள் ஒரு முறை கெட்டால் குப்பைக்குத்தான் போகின்றன. போவது மக்களின் பணம். காரோ, மின்விசிறியோ, எதுவானாலும் பழுது பார்க்கும்படி செய்ய வேண்டும். தொழிற்சாலைகள் இதை உணரட்டும்!