தராசுப் பட்டறையை எடைக்குப் போடுவதா?

வணிகருக்குத் தராசு எவ்வளவு முக்கியமோ, அதைப் பழுது பார்த்துத் தருபவரும் அவ்வளவு முக்கியம். ஆனால் முத்திரை போடும் சமயம் வந்தால்தான் அவர் நினைவு நமக்கு வருகிறது.

அண்மையில் நமது கடைவீதியில் தராசுப் பட்டறை நடத்தும் பெரியவர் ஒருவர், தொழிலைக் கொடுத்துவிட விரும்புவதாகச் சொன்னார். பிள்ளைகள் வேறு உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். விலை கேட்டு வந்தவர் காயலான் கடைக்காரர் ஒருவர்தான். இரும்புக்கும் பித்தளைக்கும் கிலோ கணக்கில் விலை சொன்னாராம். ஆயுள் முழுவதும் ஊருக்கெல்லாம் நிறுவையைச் சரி செய்து கொடுத்தவரின் தொழிலை எடைக்குப் போட்டு விற்பது முறையா?

பட்டறையின் மதிப்பு சாமான்களில் இல்லை, அவரது நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. எந்தக் கடைக்கு எப்போது முத்திரை என்ற விவரம் அதில் உண்டு. எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறையும், எடைக்கல்லுக்கும் தட்டுத் தராசுக்கும் 24 மாதத்துக்கு ஒரு முறையும் மறு முத்திரை கட்டாயம். ஆகவே வந்த வாடிக்கை திரும்பவும் வரும். வாங்குபவர் விலை கொடுக்க வேண்டியது இதற்குத்தான்.

எனினும் சில காரியங்களை முன்கூட்டியே செய்தாக வேண்டும். சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009, 23-ஆம் பிரிவின்படி பழுது பார்ப்பவருக்கு உரிமம் வேண்டும். பெரியவர் பெயரில் உள்ள உரிமத்தை வைத்துப் புதியவர் தொழில் செய்ய முடியாது. தம் பெயரில் எடுக்க வேண்டும். கடை வாடகைக்கு என்றால், 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்து மூலமான ஒப்பந்தம் அவசியம். எனவே கட்டட உரிமையாளரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர், நடக்கும் தொழிலை நடக்கும் நிலையிலேயே முழுமையாக மாற்றிக் கொடுத்தால் அதற்கு ஜி.எஸ்.டி. இல்லை. ஆடிட்டரைக் கலந்து எழுதுவது நல்லது.

விற்றவர் மறு மாதமே அடுத்த தெருவில் கடை போட்டால் வாங்கியவர் கதி என்ன? 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது. நற்பெயரோடு தொழிலை விற்பவர், நியாயமான எல்லைக்குள் அதே தொழிலைச் செய்வதில்லை என எழுதிக் கொடுக்கலாம், அது செல்லும்.

யாரிடம் கொடுப்பது? பட்டறையில் வேலை பழகிய பையனே பொருத்தமானவர் என்பது நமது கருத்து. அவரிடம் கை வேலை இருக்கிறது, மொத்தப் பணம்தான் இல்லை. ஒரு பகுதியை முன்பணமாகவும், மீதியை இரண்டு வருட வருமானத்திலிருந்து தவணையாகவும் பெறலாம். பெரியவரும் ஆறு மாதம் தினம் அரை நாள் பட்டறையில் உட்கார்ந்தால் வாடிக்கை கலையாது. கைகால் நன்றாக இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். பூட்டிய கடைக்கு யாரும் நற்பெயர் விலை தரமாட்டார்கள்.

நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. பெரிய வணிகர்கள் நாலு பேர் சேர்ந்து அந்தப் பையனின் முன்பணத்துக்குக் கைகொடுக்கலாம். “தராசு வேலையை உன்னிடமே தருகிறோம்” என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அவருக்குத் தைரியம் வரும். இது தர்மம் அல்ல. பட்டறை போய்விட்டால், பழுதான தராசைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போக வேண்டியவர்கள் நாம்தான். அது திரும்பி வரும் வரை முத்திரை இல்லாத தராசில் நிறுத்தால் அபராதம் கட்ட வேண்டியவர்களும் நாம்தான்.

காயலான் கடை வண்டி வருவதற்கு முன் பெரியவரையும் பையனையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுவோம்.