சிறந்த மதுச்சாலை எது?

வெள்ளிக்கிழமை மாலையானதும் கொழும்பிலிருந்து மலையேறும் வாகனங்களின் வரிசை நீள்கின்றது. ஹல்துமுல்லையைத் தாண்டிப் பெரகலைச் சந்தியில் பாதை இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை வழியாக எல்லவை நோக்கி ஏறுகின்றது. மறு கிளை எமது கொஸ்லந்த வழியாகத் தியலும நீர்வீழ்ச்சியைத் தொட்டு வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. சனி, ஞாயிறு இரு தினங்களையும் மலைக்காற்றிற் கழிக்க வருவோர் எங்கே தங்குவது, எங்கே உண்பது என்று மட்டும் கேட்பதில்லை. மாலை வேளையில் மலைமுகட்டைப் பார்த்தபடி, பலவகைப் பானங்களைக் கலந்து தரும் 'கொக்டெயில்' கிண்ணத்தை எங்கே அருந்தலாம், இப்பகுதியிற் சிறந்த மதுச்சாலை எது என்றும் கேட்கின்றனர். அதற்கென்றே பட்டியல்களும் எழுதப்படுகின்றன.

இக்கேள்வியை நாம் இகழவில்லை. விருந்தினரை வரவேற்பது தமிழர் மரபு. உழைத்துக் களைத்தவன் இரண்டு நாள் ஓய்வு தேடி வருவதிற் குற்றமில்லை. ஆயினும் அக்கேள்விக்கு மறுமொழி கூறும் உரிமை எமக்கும் உண்டு என்பதை நினைவூட்ட விரும்புகின்றோம். அவர்கள் கிண்ணம் வைக்கும் மேசை, எமது முன்னோர் காடழித்துத் திருத்திய மலையின்மீது நிற்கின்றது. எல்லவில் '98 ஏக்கர்' எனப் பெயர் பூண்ட விடுதி ஒரு தேயிலைத் தோட்டத்தின் நடுவிலேயே அமைந்து, சின்னச் சிவனொளிபாத மலையை நோக்கியிருக்கின்றது. விருந்தினர் காண வருவது அந்தப் பச்சைப் பரப்பை. அதைப் பசுமையாக வைத்திருப்பவரோ கொழுந்தெடுக்கும் பெண்கள். அவர்களைக் கேளாமல் எழுதப்படும் எந்தப் பட்டியலும் முழுமையானதாகாது.

மலைநாட்டில் மது அருந்தும் இடங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1894-இல் புகையிரதம் பண்டாரவளையை எட்டிய காலத்திலேயே வெள்ளைத் துரைமாருக்கு விடுதிகளும் கழகங்களும் எழுந்தன. மாலையில் துரைமார் கூடிக் கிண்ணம் உயர்த்திய அக்கழகங்களுக்குள் எமது மக்கள் பரிமாறும் பணியாளராகவன்றி வேறு வகையில் நுழைய முடியாதிருந்தது. தோட்டத் தொழிலாளிக்கென்று தோட்ட எல்லையில் ஒரு தவறணை இருந்தது. சம்பள நாளன்று அதன் வாசலிற் கூட்டம் பெருகியது. மாதம் முழுவதும் மழையிலும் அட்டைக்கடியிலும் உழைத்துப் பெற்ற பணத்திற் பெரும்பங்கு, லயத்தை அடையுமுன்னரே சாராயக் குத்தகைக்காரனின் பெட்டிக்குட் சென்றது. அதன்பின் 'தோட்டத்தான் குடிகாரன்' என்ற பழியும் அத்தொழிலாளியின் தலையிலேயே சுமத்தப்பட்டது. குடிக்கும் வாய்ப்பைக் கொல்லைப்புறத்திற் கொண்டுவந்து வைத்தவர் எவர் என்று எவரும் கேட்கவில்லை.

இன்றும் இந்நாட்டின் மதுவிற்பனைக்கு ஆதாரமாயிருப்பது 1912-ஆம் ஆண்டின் 8-ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். அச்சட்டத்தின் கீழ்க் கள்ளுத் தவறணைகள் ஊரெங்கும் பெருகத் தொடங்கியதும் தென்னிலங்கையில் மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தெழுந்தது. பிற்காலத்தில் நாட்டை ஆண்ட தலைவர்கள் பலர் அரசியலிற் காலடி வைத்தது அவ்வியக்கத்தின் மேடைகளிலேயே. 1915-ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது பிரித்தானிய அரசு அவர்களிற் பலரைச் சிறையிலும் அடைத்தது. அவ்வியக்கத்தின் பயனாக, ஓர் ஊரிலே தவறணை வேண்டுமா வேண்டாமா என்பதை அவ்வூர் மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அந்நிய ஆட்சியாளர் கூட ஊரார் விருப்பத்தைக் கேட்க இணங்கினர் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

சுதந்திர இலங்கையில் நிலை என்ன? 2024-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் நாடெங்கும் 300-க்கு மேற்பட்ட புதிய மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டன. அவற்றின் பட்டியல் அவ்வாண்டு டிசம்பரிற் பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கப்பட்டபோதே பொதுமக்களுக்கு உண்மை தெரிந்தது. அரசியற் செல்வாக்கினால் அனுமதிகள் பகிரப்பட்டன என்ற குற்றச்சாட்டு இரு தேர்தல்களின் மேடைகளில் முழங்கியது. எந்த ஊரார் கேட்டு அவை வழங்கப்பட்டன? எந்தத் தோட்டப் பெண்கள் மனுச் செய்தனர்? கதவு திறந்து, விளக்கு எரிந்து, பெயர்ப்பலகை தொங்கிய பின்னரே தம்மூரில் மதுச்சாலை வந்துவிட்டதென மக்கள் அறியும் நிலை ஜனநாயகத்துக்கு அழகாகுமா?

கோப்புகளின் வேகத்தைப்பற்றிக் கொஸ்லந்த மக்களுக்கு எவரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. 2014-ஆம் ஆண்டு ஒக்டோபர் 29-ஆந் திகதி காலை மீரியபெத்தத் தோட்டத்தின்மீது மலை சரிந்தது. லயங்களோடு மனிதரும் புதையுண்டனர். பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. அம்மலை ஆபத்தானது, மக்களை அகற்றவேண்டும் என்ற எச்சரிக்கை 2005-இலும் 2011-இலும் விடுக்கப்பட்டிருந்தது. அவ்வெச்சரிக்கைகள் கோப்புகளில் உறங்கின. உயிர் தப்பியோர் பழைய தேயிலைத் தொழிற்சாலை முகாமில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் காத்திருந்த பின்னரே புதிய வீடு கண்டனர். 2025-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவினாற் பேரிழப்பைச் சந்தித்தது. மக்களை ஆபத்திலிருந்து நகர்த்தும் கோப்பு ஆண்டுக்கணக்கில் தவழும் நாட்டிலே, மதுச்சாலைக்கு அனுமதி கேட்கும் கோப்பு மட்டும் இறகு முளைத்துப் பறப்பதேன்?

காரணம் மறைவானதன்று. 2024-இல் மதுவரித் திணைக்களம் ஈட்டிய வருமானம் 200 பில்லியன் ரூபாவைத் தாண்டியது. திறைசேரிக்கு மதுக்கிண்ணம் வற்றாத சுனையாயிருக்கின்றது. அச்சுனையிற் சுரக்கும் பணத்தில், மதுச்சாலை நிற்கும் ஊரின் பாடசாலைக்கும் மருந்தகத்துக்கும் உரிய பங்கு எங்கே என்பதே எமது வினா.

சட்டத்தின் இரட்டை முகத்தையும் இங்கே சுட்டிக்காட்ட வேண்டும். தவறணையிற் பெண்களுக்கு மது விற்கலாகாது, மது விற்கும் இடங்களிற் பெண்களை அனுமதியின்றி வேலைக்கு அமர்த்தலாகாது என்று 1979-இல் ஓர் அறிவித்தல் செய்யப்பட்டது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடையை நீக்கினார். சில தினங்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் பணிப்பினால் அந்நீக்கம் இரத்துச் செய்யப்பட்டது. அக்காலத்திலும் எல்லவில் வெளிநாட்டுப் பெண்கள் கிண்ணத்துடன் அமர்ந்திருந்ததை எவரும் தடுக்கவில்லை. பெண்கள் குடிக்கவேண்டுமென்று நாம் வாதாடவில்லை. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று அரசியலமைப்பின் 12-ஆம் உறுப்புரை கூறுகின்றது. அந்தச் சமத்துவம் பணமுள்ள பயணிக்கு ஒன்றாகவும் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு வேறொன்றாகவும் இருத்தல் தகாது என்பதே எமது வாதம்.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் வெளிவந்தது. அதற்காக நடந்த போராட்டங்களை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2025 நவம்பரிற் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபா என்று பிரேரிக்கப்பட்டது. மலைமுகட்டு விடுதியில் ஒரு கலவைக் கிண்ணம் அந்நாட்சம்பளத்துக்கு ஒப்பான விலையில், சில இடங்களில் அதற்கும் மேலான விலையில், விற்கப்படுகின்றது. ஒருத்தி விடியலில் எழுந்து மாலைவரை சரிவில் நின்று ஈட்டுவதை மற்றொருவர் அரைமணி நேரத்தில் அருந்திமுடிக்கின்றார். அவரை நாம் குற்றஞ்சாட்டவில்லை. அந்தப் பணம் மலையிற் கொட்டப்பட்டும் மலையிலுள்ளோரைச் சேராதிருக்கும் ஏற்பாட்டையே குற்றஞ்சாட்டுகின்றோம்.

"அப்படியாயின் எல்லாவற்றையும் மூடிவிடலாமே" என்று கூறும் நண்பர்களும் எம்மிடையே உளர். அவர்களுடைய தூய நோக்கத்தை மதிக்கின்றோம். எனினும் அனுபவம் வேறு பாடம் கற்பிக்கின்றது. 1937 ஒக்டோபரில் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971-இல் அதே மாநிலம் மதுவிலக்கைத் தளர்த்தியது. 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்கும் கடைக்காரனாக அரசே அமர்ந்துவிட்டது. மேலிருந்து வரும் தடை மேலிருந்தே நீங்கிவிடும். எமது தோட்டங்களிலும் தவறணை மூடிய இடத்திற் கசிப்பு கொதிக்கும் என்பதை யாவரும் அறிவர். ஆகவே மூடுவதா திறப்பதா என்ற தீர்ப்பு ஊராரின் கைக்கு வரவேண்டும். ஊரார் வேண்டாமென்றால் வேண்டாம். வேண்டுமென்றால் ஊரார் விதிக்கும் நிபந்தனையின் கீழ் நடக்கட்டும்.

இனி, வார இறுதிப் பயணி கேட்ட கேள்விக்கு வருவோம். சிறந்த மதுச்சாலை எது? அதனை அளக்க நாம் நான்கு அளவுகோல்களைத் தருகின்றோம்.

முதலாவது, அங்கே கிண்ணம் ஏந்தி வருபவர் எவ்வூரார்? மலையகத்தில் இன்று உயர்தரப் பரீட்சை எழுதிய இளைஞரும் யுவதிகளும் வேலையின்றி வாடுகின்றனர். ஒரு பகுதியினர் கொழும்புக் கடைகளில் மூட்டை சுமக்கின்றனர். அருகிலுள்ள தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் பழக்கி, உரிய நியமனக் கடிதம் கொடுத்து, 1958-ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் பங்கான 12 சதவீதத்தைச் செலுத்தும் விடுதியே முதற்புள்ளி பெறும். விலைச்சீட்டில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் என்று எழுதப்பட்டிருப்பின், அது பணியாளரைச் சேர்கின்றதா என்று பயணி ஒரு வார்த்தை கேட்கட்டும்.

இரண்டாவது, கிண்ணத்தினுள் இருப்பது எந்த மண்ணின் விளைச்சல்? எமது விவசாய அன்பர்கள் இதனைக் கருத்தூன்றி நோக்கவேண்டும். பிபிலைத் தோடம்பழத்துக்கு நாடெங்கும் பெயருண்டு. ஊவாத் தேயிலையோ, கச்சான் காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான பருவத்திற் பெறும் தனி மணத்தினால் உலகச் சந்தையில் மதிக்கப்படுகின்றது. கித்துள் பாணியும் இஞ்சியும் தேசிக்காயும் இங்கேயே கிடைக்கின்றன. தென்னஞ்சாராயம் இந்நாட்டின் சொந்தப் பானம். இவற்றைக் கொண்டே எந்த நாட்டுப் பயணியும் வியக்கும் கலவைகளை ஆக்கலாம். மது வேண்டாதார்க்கும் சுவையான பானம் தரலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து போத்தலில் வந்த பழரசத்தை ஊற்றிவிட்டு, சன்னலுக்கு வெளியே தெரியும் மலையைக் காட்டிப் பணம் வாங்கினால், மலைக்கு அதனால் வந்த நன்மை யாது?

மூன்றாவது, கழிவுநீர் எங்கே செல்கின்றது? மேலே விடுதி, கீழே லயம் என்பதே இம்மலைகளின் அமைப்பு. மேலிருந்து கழிந்த நீர் கீழுள்ளோரின் பீலியை அடைகின்றது. சரிவை வெட்டி எழுப்பிய கட்டிடம் கீழுள்ளோரின் கூரைக்கு எமனாகலாம். சுற்றாடல் அனுமதியும் மண்சரிவு பற்றிய நிபுணர் சான்றும் இல்லாத மேல்மாடம் எவ்வளவு அழகிய காட்சி தந்தாலும் அது சிறந்ததன்று. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலுமவின் மேற்றடாகங்களிற் போத்தலை உடைத்தெறிந்து செல்வோருக்கும் இதையே கூறுவோம். அந்நீர் உங்கள் கண்ணுக்கு விருந்து. கீழேயுள்ள வயலுக்கு அதுவே உயிர்.

நான்காவது, அனுமதிப்பத்திரம் வெளிச்சத்தில் வழங்கப்பட்டதா? எவர் பெயரில், எந்த ஆண்டில், எவர் சிபாரிசில் என்ற விவரம் ஊராருக்குத் தெரியுமா? தெரியாதெனில் அங்கே விளக்கு எத்தனை எரிந்தாலும் இருட்டே.

இவ்வளவுகோல்கள் வெறும் அறிவுரையாக நின்றுவிடலாகாது. எமது கோரிக்கைகள் தெளிவானவை. புதிய மதுச்சாலைக்கான விண்ணப்பம் எதுவாயினும் சிங்களத்திலும் தமிழிலும் அவ்வூரிற் பகிரங்கமாக அறிவிக்கப்படவேண்டும். தோட்ட மக்களையும் கிராம மக்களையும் ஒருங்கே அழைத்து விசாரணை நடத்தவேண்டும். பிரதேச சபையின் தீர்மானமின்றி அனுமதி வழங்கலாகாது. மதுவரியில் ஒரு பங்கு அப்பிரதேச சபைக்கே உரியதாகவேண்டும்.

இங்கே வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தோட்டங்களுக்குச் சபைப் பணம் செல்வதற்கு நெடுங்காலம் தடைக்கல்லாயிருந்தது. எமது மக்கள் வாக்களித்தனர், ஆனால் வீதி கேட்டபோது சட்டம் குறுக்கே நின்றது. அப்பிரிவு 2018-இல் திருத்தப்பட்டது. 2025 மே மாதத்திற் சபைகளுக்குத் தேர்தலும் நடந்தது. ஆகவே இன்று எமது உறுப்பினர்கள் 'எமக்கு அதிகாரமில்லை' என்று கைவிரிக்க இயலாது. இக்கோரிக்கைகளை ஹல்துமுல்லை முதற்கொண்டு ஊவாவின் ஒவ்வொரு சபையிலும் பிரேரணையாகக் கொண்டுவரட்டும். சட்டமறிந்தோர் வாசகத்தை எழுதிக் கொடுக்கட்டும். விவசாயிகளும் தொழிலாளரும் பார்வையாளர் ஆசனங்களை நிரப்பட்டும்.

மலையேறி வரும் பயணிகளே, வாருங்கள்! எமது காற்றும் தேநீரும் உங்களுக்கு என்றும் உண்டு. மாலையிற் கிண்ணத்தைக் கையிலெடுக்குமுன் மேற்கூறிய நான்கு கேள்விகளையும் விடுதிக்காரரிடம் கேளுங்கள். நான்குக்கும் கூசாமல் மறுமொழி கூறும் விடுதி எதுவோ, அதுவே இம்மலைநாட்டின் சிறந்த மதுச்சாலை.