முப்பது இஞ்ச் மூடநம்பிக்கை

"ஷாட்கன்ல குழல் நீளமா இருந்தா ரவை ரொம்ப தூரம் போகும். குட்டையா இருந்தா பக்கத்துலயே சிதறிடும்."

இந்த ரெண்டு வாக்கியத்தையும் கேக்காத ஆளே இருக்க முடியாது. க்ரைம் நாவல் எழுதறவர் சொல்றார், சினிமாக்காரர் சொல்றார், வேட்டைக் கதை எழுதற நம்ம சக பதிவர்களும் சொல்றாங்க. மன்னிச்சுக்கோங்க மக்களே, முதல் வாக்கியம் முக்கால்வாசி பொய். ரெண்டாவது முழுப் பொய். (நான் துப்பாக்கி வச்சிருக்கறவன் இல்லை. படிச்சுப் படிச்சு கெட்டுப் போனவன், அவ்வளவுதான்.)

முதல்ல இந்தப் பொய்க்கு அப்பா யாருன்னு பாத்துடலாம். ஒரு காலத்துல இது பொய்யே இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு சிக்கிமுக்கித் துப்பாக்கியில கருமருந்து ஒரு ஓரத்துலேர்ந்து பத்தி, மெதுவா எரியும். அது முழுசா எரிஞ்சு ரவையைத் தள்ளணும்னா நீளக் குழல் வேணும். முப்பத்தாறு, நாப்பது இஞ்ச்லாம் அப்ப சர்வ சாதாரணம். 1787-ல ஹென்றி நாக்னு ஒரு லண்டன் துப்பாக்கிக்காரர் குழலோட அடிப்பகுதியை மாத்தி அமைச்சு காப்புரிமை வாங்கினார். நெருப்பு மருந்தோட நடுவுல போய்ப் பிடிக்கற மாதிரி பண்ணிட்டார். மருந்து சடார்னு எரிய ஆரம்பிச்சதும் குழல் சுருங்கிப் போச்சு, முப்பது இஞ்ச் பக்கம் வந்து நின்னுது. அப்புறம் நூறு வருஷம் கழிச்சு புகையில்லா மருந்து வந்தாச்சு. காரணம் செத்துப் போச்சு, நம்பிக்கை மட்டும் உயிரோட இருக்கு. நம்ம ஊர்ல பல விஷயம் இப்படித்தான், அது வேற பதிவு :-)

இப்ப கணக்குக்கு வருவோம். இன்னிக்கு இருக்கற 12 போர் தோட்டாவுல அழுத்தம் உச்சிக்குப் போறது குழலோட முதல் சில இஞ்ச்லயே. அதுக்கப்புறம் வாயு விரிய விரிய அழுத்தம் இறங்கிக்கிட்டே வரும். கடைசி அஞ்சு இஞ்ச்ல ரவைக்குக் கிடைக்கற தள்ளு ரொம்பக் கொஞ்சம். தோராயமா இஞ்ச்சுக்கு அஞ்சுலேர்ந்து பத்து அடி (நொடிக்கு) வேகம் கூடும். முப்பது இஞ்ச் குழலை இருபத்தஞ்சு ஆக்கினா என்ன நஷ்டம்? கூடிப் போனா ஐம்பது அடி. ரவை கெளம்பறதே 1200 அடி வேகத்துல. நாலு பர்சன்ட்!

அந்த நாலு பர்சன்ட் பறவைக்கு என்ன பண்ணும்? நாப்பது கஜத்துல குறுக்க, மணிக்கு 60 கி.மீ. வேகத்துல ஒரு பறவை பறக்குதுன்னு வச்சுக்குவோம். ரவை அங்க போய்ச் சேர ஒரு நொடியில ஏழுல ஒரு பங்கு ஆகும். அதுக்குள்ள பறவை ஏழெட்டு அடி நகர்ந்துடும். நீளக் குழலுக்கும் குட்டைக் குழலுக்கும் இதுல வித்தியாசம் மூணு நாலு இஞ்ச். ரவை விரியற வட்டத்தை அளக்கறதே முப்பது இஞ்ச் வட்டத்துல. இந்த மூணு இஞ்ச்சால பறவையை விட்டுட்டேன்னு ஒருத்தர் சொன்னா, அவர் பறவையை வேற எதனாலயோ விட்டிருக்கார்னு அர்த்தம்.

சரி, சிதறலுக்கு யார் பொறுப்பு? சோக். குழல் முனையில கடைசி ஒண்ணு ரெண்டு இஞ்ச்ல துளையைக் கொஞ்சூண்டு குறுக்கி வச்சிருப்பாங்க. ஒரு இஞ்ச்சை ஆயிரமாப் பிரிச்சா அதுல நாப்பது பங்கு, அவ்வளவுதான் ஃபுல் சோக். அதுல நாப்பது கஜத்துல எழுபது சதவீத ரவை முப்பது இஞ்ச் வட்டத்துக்குள்ள விழும். சோக்கே இல்லாத குழல்ல நாப்பது சதவீதம். இங்கிலாந்துல பேப்னு ஒருத்தர் 1866-லயும் அமெரிக்காவுல ரோப்பர்னு ஒருத்தர் 1868-லயும் இதுக்கு காப்புரிமை வாங்கினாங்க, எழுபதுகள்ல கிரீனர் ஊரறியப் பண்ணார். நூத்தம்பது வருஷ விஷயம். இருந்தும் "குட்டைக் குழல் சிதறும்"னே எழுதிட்டிருக்கோம்.

குழலை அறுத்த துப்பாக்கி சிதறுதேன்னு கேப்பீங்க. சிதறுது, ஒத்துக்கறேன். ஆனா ஏன்? சோக் இருக்கறதே முனையில. ரம்பத்தை வச்சு அறுத்தா முதல்ல போறதே அதுதான். குட்டையானதால சிதறலை சாமி, சோக் போனதால சிதறுது! பதினெட்டு இஞ்ச் குழல்ல முறையா ஒரு ஃபுல் சோக் போட்டா அது முப்பது இஞ்ச் மாதிரியேதான் கூட்டும்.

இது வெறும் கணக்கு வாத்தியார் சண்டை இல்லை. ஒருத்தர் ரவைக் காயத்தோட செத்துக் கிடக்கறார். தற்கொலையா, கைதவறியா, கொலையான்னு முடிவு பண்றது எவ்வளவு தூரத்துலேர்ந்து சுட்டாங்கங்கறதுதான். "கஜத்துக்கு ஒரு இஞ்ச் விரியும்"னு ஒரு வாய்ப்பாடு சுத்திட்டிருக்கு. சோக்கைப் பொறுத்து, தோட்டாவைப் பொறுத்து அந்த வட்டம் பெருசா மாறும். அதனாலதான் அதே துப்பாக்கி, அதே வகைத் தோட்டாவை வச்சு சுட்டுப் பாத்துதான் சொல்லணும்னு தடயவியல்ல அடிச்சுச் சொல்றாங்க. குழல் நீளத்தை மட்டும் பாத்து தூரம் சொல்றவரை சாட்சிக் கூண்டுல ஏத்தினா, ஒருத்தர் கழுத்து போகும்.

இங்கதான் நம்ம கதாநாயகர் வர்றார். ராபர்ட் சர்ச்சில். அரசியல் சர்ச்சில் இல்லை, லண்டன் துப்பாக்கிக் கடைக்காரர். கோர்ட்டுல துப்பாக்கி நிபுணராவும் சாட்சி சொன்னவர். 1927-ல கட்டரிட்ஜ்ங்கற போலீஸ்காரரைக் கொன்ன வழக்குல தோட்டாக் கூட்டுல பதிஞ்ச கீறலை வச்சு இன்ன துப்பாக்கிதான்னு நிரூபிச்சாங்களே, அதுல இவரும் உண்டு. இவர் 1920-கள்ல 'XXV'-ன்னு ரோமன் எண்ல பேர் போட்டு இருபத்தஞ்சு இஞ்ச் குழல் துப்பாக்கியை வித்தார். முப்பது இஞ்ச்தான் துப்பாக்கின்னு நெனச்ச கனவான்கள் கொதிச்சுப் போயிட்டாங்க. பொம்மைத் துப்பாக்கின்னாங்க, தூரம் போகாதுன்னாங்க.

தூரம் விஷயத்துல சர்ச்சில் சொன்னது சரி. கனவான்கள் தப்பு. அதுல எனக்கு சந்தேகமே கிடையாது.

ஆனா அவரையும் சும்மா விடறதுக்கில்லை. வேகம் போகலைங்கறதை நிரூபிச்ச கையோட, குட்டைக் குழல்தான் எல்லாருக்கும் நல்லதுங்கற மாதிரி விக்க ஆரம்பிச்சார். மனுஷர் குட்டையான, தடிச்ச உடம்புக்காரர். வெடுக்குனு தோளுக்கு ஏத்தி, பறவையை மட்டும் பாத்து சுடற பாணி. அவர் உடம்புக்கும் பாணிக்கும் அது தைச்ச சட்டை மாதிரி பொருந்துச்சு. ஊர்ல எல்லாருக்கும் அதே சட்டையைப் போட்டா? குழல் மேல இருக்கற பட்டையைக் குறுகலா, முனைப்பக்கம் ஒடுங்கற மாதிரி செஞ்சு, கண்ணுக்கு நீளமாத் தெரியற மாதிரி வேற பண்ணார். குட்டைதான் நல்லதுன்னா அதை எதுக்குய்யா நீளமாக் காட்டணும்?

அந்தப் பட்டையிலயே அவர் உண்மையை ஒத்துக்கிட்டார்னு நான் சொல்வேன். நீளம் ரவைக்கு இல்லை, சுடறவனுக்கு. ரைஃபிள்ல இருக்கற பின்குறி ஷாட்கன்ல கிடையாது, கண்ணே பின்குறி. நீளமான குழல் ஒரு கோடு மாதிரி திசை காட்டும். அதைவிட முக்கியம் வீச்சு. முனையில இருக்கற எடை, தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி சுழற்சிக்குத் தடை கொடுக்கும். கெளப்ப மெதுவா இருக்கும், ஆனா கெளம்பிட்டா நிக்காது. ஓடற பறவைக்குப் பின்னாடி சுடறவன் செய்யற பெரிய தப்பே விசையை இழுக்கறப்ப வீச்சை நிறுத்தறதுதானே.

ஒலிம்பிக் ட்ராப்பைப் பாருங்க. நம்ம புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024-ல பாரிஸ்ல ஆடினாரே, அந்த ஆட்டம். எந்திரத்துக்குப் பதினஞ்சு மீட்டர் பின்னாடி நின்னு, விலகி ஓடற களிமண் தட்டை அடிக்கணும். தோட்டாவுல 24 கிராம் ரவைதான். அங்க முப்பது, முப்பத்திரண்டு இஞ்ச் குழல்கள்தான் சகஜம். வேகத்துக்கா? இல்லை, நிக்காத வீச்சுக்கு. புதருக்குள்ள நடந்து போய் காலடியில படபடன்னு எழும்பற காடையை அடிக்கறவனுக்கு அதே குழல் தலைவலி. (பம்ப் துப்பாக்கிக்கு நடுப்பெட்டியே மூணு நாலு இஞ்ச் கூட வரும். அதோட 26-ம் மடக்குத் துப்பாக்கியோட 30-ம் மொத்த நீளத்துல கிட்டத்தட்ட ஒண்ணு. இதையும் யாரும் சொல்றதில்லை.) இன்னொரு நல்லதும் உண்டு, வெடிச்சத்தம் காதுக்குக் கொஞ்சம் தள்ளிக் கேக்கும்.

என் கோபமெல்லாம் அந்த "தூரம் போகும்" ஆசாமிங்க மேலதான். மார்லின் கம்பெனி 'கூஸ் கன்'னு பேர் வச்சு முப்பத்தாறு இஞ்ச் குழலோட ஒரு துப்பாக்கி வித்துச்சு. பேரைக் கேட்டதும் வாங்கறவன் மனசுல என்ன ஓடும்? மேகத்துல போற வாத்து ஓடும். கை நீளமாயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு எழுபது, எம்பது கஜத்துல சுடுவான். அந்தத் தூரத்துல ரவைக்கூட்டம் ஓட்டை ஓட்டையா இருக்கும், ஒவ்வொரு ரவையிலயும் வேகம் செத்திருக்கும். ஒண்ணு ரெண்டு வயித்துல தைக்கும். பறவை விழாது, பறந்து போய் எங்கயோ நாணல்ல ரெண்டு நாள் துடிச்சுச் சாகும். சுட்டவன் "தப்பிச்சிருச்சு"ன்னு வீட்டுக்குப் போவான்.

"எங்க தாத்தா நீளத் துப்பாக்கியால எம்பது கஜத்துல கொக்கை அடிச்சாரே"ன்னு சொல்ல வர்றீங்க, தெரியும். அடிச்சிருப்பார். ஒரு ரவை தலையில பட்டிருக்கும். அன்னிக்கு விழாத மத்த கொக்கை எண்ணி வச்சாரான்னு பாட்டியைக் கேளுங்க.

சட்டத்துல நீளம் பேசறாங்களேன்னு அடுத்த கேள்வி வரும். அமெரிக்காவுல 1934 சட்டப்படி பதினெட்டு இஞ்ச்சுக்குக் கீழ போனா பதிவு பண்ணணும், பிரிட்டன்ல 1968 சட்டப்படி இருபத்துநாலுக்குக் கீழ போனா அது ஷாட்கன் கணக்குலயே வராது. அது கோட்டுக்குள்ள ஒளிச்சு வைக்கறதைப் பத்தின கவலை, ரவையோட வேகத்தைப் பத்தினது இல்லை. நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டம் ஆறாவது பிரிவு, உரிமம் இல்லாம குழலை அறுக்கறதையே குத்தம்னு சொல்லுது. ஆகவே, என் பதிவைப் படிச்சுட்டு தாத்தா துப்பாக்கியை ரம்பத்தோட தேடாதீங்க ப்ளீஸ்.