பெயரைப் போற்றுகிறோம், பணியை அறிந்தோமா?

தமிழர் ஒருவர் உலகப்புகழ் எய்தினால் அவர் படத்தைப் பள்ளிச் சுவரில் மாட்டுவோம். பிறந்தநாளில் மாலை சூட்டுவோம். மேடைதோறும் 'நம்மவர்' என்று மார்தட்டுவோம். அவர் ஆற்றிய பணி யாது என்று எவரேனும் வினவினாலோ வாய் திறவோம். வானியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர்பால் நாம் காட்டிவரும் மதிப்பு இத்தகையதே.

அவர் 1983ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசை அமெரிக்க அறிஞர் வில்லியம் பௌலருடன் பகிர்ந்து பெற்றார் என்பதை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பள்ளி மாணவர் ஒப்பிப்பர். எதற்காகப் பெற்றார் எனக் கேட்டால் 'சந்திரசேகர் எல்லை' என்னும் இரு சொல்லோடு நின்றுவிடுவர். அது எதற்கு எல்லை? எதனை எதனினின்று பிரிக்கும் எல்லை? இவ்வினாவுக்கு விடையை அவர்க்குத் தாய்மொழியில் விளங்க உரைத்தார் யாவர்? யான் தமிழாசிரியன், இயற்பியல் வல்லான் அல்லேன். ஆயினும் அவ்வெல்லையின் பொருளுள் தமிழால் சொல்லவொண்ணாதது ஒன்றுமில்லை என்று துணிந்தே இதனை எழுதுகின்றேன்.

மார்கழித் திருவாதிரைக்குக் களி கிண்டும் வீடுகள் நம் பக்கத்தில் எத்துணையோ உள. அத்திருவாதிரை எது என்று வானில் காட்டத் தெரிந்தவர் எத்துணையர்? மார்கழியில் முன்னிரவு கடந்தபின் கீழ்வானை நோக்குக. ஒரே கோட்டில் மூன்று மீன்கள் நிற்கும். அவற்றுக்கு வடபுறத்தே செந்நிறத்தோடு ஒளிர்வது திருவாதிரை. அம்மூன்று மீன்கள் வகுக்கும் கோட்டைத் தென்கீழ்த் திசையில் நீட்டினால், இரவு வானிலேயே மிகுந்த ஒளியுடைய சிரியசு என்னும் மீனைக் காணலாம். சந்திரசேகர் கண்ட எல்லையின் இருபுறமும் இவ்விரண்டிடத்தும் அடங்கிக் கிடக்கின்றன.

திருவாதிரை ஒரு பெருநிறை விண்மீன். நம் ஞாயிற்றைப்போல் பத்து மடங்குக்கு மேற்பட்ட நிறையுடையது. நிறை மிகுந்த மீன் நெடுங்காலம் வாழும் என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அதற்கு மாறானது. செல்வம் மிகுதியாகப் பெற்றவன் அதனினும் மிகுதியாகச் செலவிட்டு விரைவில் வறியனாவதுபோல, பெருநிறை மீன் தன் எரிபொருளைப் பன்மடங்கு விரைவில் எரித்துத் தீர்க்கும். ஞாயிற்றின் வாழ்நாள் ஏறத்தாழ 1000 கோடி ஆண்டு. திருவாதிரை போன்றதன் வாழ்நாளோ ஏறத்தாழ 1 கோடி ஆண்டளவினதே. 2019ஆம் ஆண்டின் இறுதியிலும் 2020இன் தொடக்கத்திலும் அம்மீன் கண்ணுக்குத் தெரியுமாறு ஒளி மங்கியபோது, வெடிக்கப் போகின்றதோ என்று உலகம் வியந்து நோக்கிற்று. அது தானே உமிழ்ந்த தூசுப்படலம் அதனை மறைத்தது என்பது பின்னர் அறியப்பட்டது.

விண்மீனின் வாழ்வு ஓயாத போர். ஈர்ப்பு அதனை உள்நோக்கி அழுத்தும். உள்ளே எரியும் வெம்மை வெளிநோக்கித் தள்ளும். எரிபொருள் தீர்ந்தால் ஈர்ப்பு மேலோங்கும், மீன் சுருங்கும். அப்போது நெருக்குண்ட எதிர்மின்னிகள், அதாவது எலக்ட்ரான்கள், இதற்குமேல் நெருங்கோம் என்று எதிர்த்து நிற்கும். அவ்வெதிர்ப்பால் தாங்கப்பட்டு நிற்பதே வெண்குறுமீன். சிரியசு மீனுக்கு அத்தகைய துணைமீன் ஒன்று உண்டு, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஞாயிற்றின் நிறை முழுதும் நம் நிலவுலகின் பருமனுக்குள் அடங்கிக் கிடக்கும் விந்தை அது.

எல்லா மீன்களும் இவ்வாறே அமைதியாக முடிவெய்தும் என்றே அந்நாள் அறிஞர் கருதினர். 1930ஆம் ஆண்டு சூலை 31இல் பம்பாயில் கப்பலேறிய 19 அகவை இளைஞரான சந்திரசேகர், அக்கடற் செலவிலேயே இக்கருத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார். நிறை மிகுமாயின் எதிர்மின்னிகள் ஒளியின் விரைவை நெருங்கி ஓடும்; ஐன்சுடீனின் சார்பியற் கொள்கையையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவற்றின் எதிர்ப்பு ஈர்ப்புக்கு ஈடுகொடாது போகும்! எஞ்சிய நிறை ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைக் கடக்குமாயின் அது வெண்குறுமீனாக நிற்க இயலாது. இதுவே அவ்வெல்லை. பிறப்பில் ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ 8 மடங்குக்கு உட்பட்ட மீன்கள் தம் மேலுறைகளை உதிர்த்து எல்லைக்குள் அடங்கும். அதனினும் பெரியவற்றின் இரும்பு உள்ளகம் எல்லையைக் கடந்ததும் ஒரு நொடிக்குள் இடிந்து வீழும்; மேலுறை வெடித்துச் சிதறும். எஞ்சுவது நொதுமி விண்மீன் என்னும் நியூட்ரான் விண்மீன், அன்றேல் கருந்துளை. நம் குருதியில் ஓடும் இரும்பும் வெடித்த பண்டை மீன்கள் தந்த கொடையே.

இவ்வுண்மையை அவர் எளிதில் நிலைநாட்டிவிடவில்லை. 1935ஆம் ஆண்டு சனவரி 11இல் இலண்டன் அரச வானியல் கழகத்தில் அவர் இதனை உரைத்தபின், அந்நாள் வானியலின் தலைமகனான ஆர்தர் எடிங்டன் எழுந்து, விண்மீன் இங்ஙனம் நடவாதபடி இயற்கையில் ஒரு நெறி இருந்தாகவேண்டும் என்று எள்ளி மறுத்தார். இளைஞரின் கணக்கே சரி என்று தனியே ஒப்பிய பேரறிஞரும் பொதுவில் வாய் திறந்திலர். சந்திரசேகர் கணக்கையும் கைவிடவில்லை, பகைமையும் பாராட்டவில்லை. 1937இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தார். 1939இல் விண்மீன்களின் அமைப்புப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். பின்னர் வேறு துறைகளை உழுதார். 1967இல் துடிக்கும் நொதுமி விண்மீன்கள் கண்டறியப்பட்டன. 1982இல் எடிங்டனின் நூற்றாண்டில் அவரைச் சிறப்பித்தே உரையாற்றினார். 1983இல் கருந்துளைகளின் கணிதம் பற்றி எழுதினார். 1995இல் மறையும் வரை ஓய்ந்திலர்.

இதனை அறியாது பேசும் பெருமை பொய்யிலும் கொண்டுபோய் விடும். இவ்வெல்லையின் கூற்றை ஆண்டர்சன், இசுடோனர் என்னும் இருவர் 1929, 1930ஆம் ஆண்டுகளில் தனியே நெருங்கியிருந்தனர். அதனைச் சொல்வதால் சந்திரசேகரின் புகழ் குன்றாது; சொல்லாது மறைத்தால் நம் நேர்மை குன்றும். 'இவையெல்லாம் நம் முன்னோர் அறிந்தனவே' என்பாரும் உளர். முன்னோர் திருவாதிரையைக் கண்டு பெயரிட்டனர், அது மெய்ப்பெருமை. அதன் நிறையையும் முடிவையும் கண்டது அண்மைக்காலக் கணிதம். இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்து மதித்தலே அறிவுடைமை.

ஈண்டு ஒரு செய்தி நெஞ்சைச் சுடுகின்றது. சந்திரசேகர்க்கு இளமையில் தமிழ் கற்பித்தவர் அவர் அன்னையார் சீதாலட்சுமி. அவ்வம்மையார் நார்வே நாட்டு இப்சனின் 'பொம்மை வீடு' என்னும் நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர். கடல்கடந்த நாடகத்தைத் தமிழாக்க ஓர் இல்லத்தரசியார் முன்வந்தார். அவர் மகனின் விண்மீன்களையோ, அவரை 'நம்மவர்' என்று கொண்டாடும் நாம் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் உரைத்தோமில்லை. அவர் நூல்கள் ஆங்கிலத்தில் அமைந்தமை அவர் குறையன்று. அவர் வாழ்ந்த அறிஞருலகின் மொழி அது. அவற்றின் சாரத்தை இறக்கித் தாராதது நம் குறை.

தனித்தமிழன்பராகிய நம்மிடத்தும் ஒரு குறை உண்டு. வெண்குறுமீன் என்பதா, வெண்குள்ளன் என்பதா என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடுவோம். அச்சொல்லை வைத்து ஒரு பக்கம் எழுத முன்வரோம். ஆளப்படாத கலைச்சொல் உறையுள் துருவேறும் வாள். இரண்டு சொல்லும் வழங்கட்டும். எழுதுவார் பெருகினால் நல்லது தானே நிலைக்கும்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் உள. அங்குள்ள இயற்பியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒருங்கமர்ந்து, பள்ளி மாணவர்க்கு நாற்பது பக்க நூலொன்று எழுதுதல் ஆகாத செயலா? மார்கழியில் ஓரிரவு ஊர்ப்புறத் திடலுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று திருவாதிரையையும் சிரியசையும் காட்டுதற்குப் பெரும்பொருள் வேண்டுமா? வசதியுடையார் சவ்வாது மலைக் காவலூர்க்கும் அழைத்துச் செல்லட்டும். 1986ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கு உளது.

தமிழ்வழியில் பயிலும் உழவர் வீட்டுப் பிள்ளைக்கு விண்மீனின் இறப்பு விளங்காது என்பவன் அப்பிள்ளையையும் அறியான், தமிழையும் அறியான். இம்மார்கழியில் முதற்பிள்ளைக்கு முதல் மீனைக் காட்டுவோம். படத்துக்கு மாலை அதன்பின் சூட்டலாம்.